வளையும் கதீட்டருக்குப் பாதுகாப்பான பாதை: சிடி ஸ்கேனிலிருந்து கேத் லேப் வரை முழுமையான வழிகாட்டி

நுனியை வெளியிலிருந்தே வளைக்க முடிகிற கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) கையில் இருந்தால், ரத்தக்குழாயில் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. நுனி திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் அறுபது, எழுபது செ.மீ. நீளத்துக்குக் கதீட்டரின் உடல் வருகிறது. அது தமனிச் சுவரில் எங்கே சாய்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, சுவரில் ஒட்டிய எந்தக் கொழுப்பு, கால்சியப் படிவைச் சுரண்டுகிறது என்பதில்தான் ஆபத்தின் பெரும்பகுதி இருக்கிறது. நீள லாரி சந்தில் திரும்பும்போது முகப்பு தப்பிவிடும், பின்சக்கரம்தான் மூலைக் கடையில் ஏறும். ஆகவே நுனியின் கோட்டை மட்டும் வரைந்துவிட்டுத் திட்டம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். முழு உடலுக்கும், திரும்பி வெளியே வருவதற்கும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

கதீட்டர் ரோபோ, மருத்துவப் படிமக் கணிப்பு ஆகியவற்றில் வேலை செய்யும் பொறியாளர்கள், ஆய்வு மாணவர்கள், அவர்களோடு உட்காரும் மருத்துவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. நோயாளியின் மேசையருகே இறுதி முடிவு எப்போதும் சிகிச்சை செய்யும் மருத்துவருடையது. எல்லாவற்றையும் பொதுவாகப் பேசினால் பயன் குறைவு என்பதால் ஒரே வழித்தடத்தைக் கடைசிவரை பின்தொடர்வோம். வலது தொடைத்தமனியில் நுழைந்து, பெருந்தமனி வழியாக மேலேறி, இடது பொதுக் கழுத்துத் தமனிக்குள் திரும்பி, உட்கழுத்துத் தமனி வரை செல்லும் தடம் அது. மூளைத் தமனி அடைப்பை நீக்கப் போகும் வழி. திருப்பம் கடினமானது, சுவரிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்தாலும் நேரே மூளைக்குப் போகும். பாடம் கற்க இதைவிடக் கண்டிப்பான தடம் கிடைக்காது.

1. கருவியை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்

படத்தைத் திறப்பதற்கு முன் கதீட்டரை மேசையில் வைத்து அளக்க வேண்டும். ஒரு பிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மி.மீ. ஆகவே 8 பிரெஞ்சு கதீட்டரின் வெளிவிட்டம் 2.67 மி.மீ. இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. கதீட்டருக்குச் சொல்லப்படும் பிரெஞ்சு எண் வெளிவிட்டம். கதீட்டர் நுழையும் வெளியுறைக் குழாயான ஷீத்துக்குச் சொல்லப்படுவதோ அதற்குள் எந்த அளவுக் கதீட்டர் போகும் என்பது. ஷீத்தின் வெளிவிட்டம் சுமார் 2 பிரெஞ்சு கூடுதலாகவே இருக்கும். 8 பிரெஞ்சு ஷீத் என்று எழுதியிருப்பதை 2.67 மி.மீ. என்று மென்பொருளில் போட்டுவிட்டால், உங்கள் இடைவெளிக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். காலிப்பர் வைத்து அளந்த எண்ணையே போடுங்கள்.

அடுத்தது வளையும் பகுதி. நமது எடுத்துக்காட்டுக் கருவியில் நுனியிலிருந்து 30 மி.மீ. நீளம் வளைகிறது, உள்ளே ஓடும் இழுகம்பிகள் அதை இழுக்கின்றன, அதிகபட்ச வளைவு 120° என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீரான வில்லாக வளைகிறது என்று கொண்டால் வளைவு ஆரம் என்பது நீளத்தைக் கோணத்தால், ரேடியனில், வகுத்தால் வருவது. 90° வளைத்தால் 19.1 மி.மீ., 120° வளைத்தால் 14.3 மி.மீ. நுனியின் நிலையை மூன்று எண்களில் சொல்லிவிடலாம்: உள்ளே தள்ளிய நீளம், வளைவுக் கோணம், வளையும் தளத்தின் திசை. பாதையைத் தேடும் நிரல் இந்த மூன்றையும் வைத்துத்தான் ஓடும்.

மேசையில் கிடைக்கும் 120° உடலுக்குள் கிடைக்காது. கதீட்டரின் உடல் பெருந்தமனியில் வளைந்து கிடக்கும்போது இழுகம்பிகளின் உராய்வு கூடுகிறது. இழுவிசையின் ஒரு பகுதி நுனிக்குப் போகாமல் நடு உடலைச் சுருக்குவதிலும் நிமிர்த்துவதிலும் செலவாகிறது. ஆகவே 60 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் உடலை அரைவட்டமாகப் பொருத்தி, 37° செல்சியஸ் வெந்நீரில் அமிழ்த்தி, மறுபடி நுனி வளைவை அளங்கள். அந்த எண்தான் திட்டத்துக்கு உரியது. அளக்க வழியில்லை என்றால், அறிவிக்கப்பட்ட வளைவில் 70 சதவீதத்துக்கு மேல் நம்பாதீர்கள். கூடவே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக் குமிழைத் திருப்பத் தொடங்கியதும் முதல் சில டிகிரிக்கு நுனி அசையாது. திசை மாற்றும்போது அந்த மந்தப் பகுதி மறுபடி வரும். இரு திசையிலும் தனித்தனியாக அளந்து வைத்தால் பிறகு கட்டுப்பாட்டு நிரலில் ஈடுசெய்யலாம்.

2. படம்: எதை எடுத்தார்கள், எதை எடுக்கவில்லை

தேவையானது சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தத்தில் நிறமி செலுத்தி எடுக்கும் சிடி படம். துண்டுத் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பாதியளவு படியும்படி மறுஉருவாக்கம். 3 மி.மீ. துண்டுகளை வைத்துக்கொண்டு 4.5 மி.மீ. தமனிக்குத் திட்டம் போட முடியாது.

அவசர பக்கவாத நோயாளியிடம் பொதுவாக ஆர்ச்சிலிருந்து உச்சந்தலை வரைதான் சிடி ஆஞ்சியோ எடுப்பார்கள். (கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை அறையில், எல்லோரும் ஆர்ச் என்றே சொல்லும் பெருந்தமனி வளைவுதான் அது.) அப்படியானால் தொடையிலிருந்து மார்பு வரையுள்ள பாதைக்குப் படமே இல்லை. அந்தப் பகுதியைத் திட்டத்தில் நேர்க்கோடாக நிரப்பிவிடாதீர்கள். ‘தெரியாத பகுதி’ என்று வெளிப்படையாகக் குறித்து, அங்கே கைடுவயர் (வழிகாட்டும் மெல்லிய கம்பி) முன்னே போக, ஃப்ளூரோஸ்கோபி எனும் நேரடி எக்ஸ்ரே படத்தில் பார்த்தபடி மெதுவாக ஏறுவது என்று எழுதுங்கள். இடுப்புத் தமனிகள்தான் வயதானவர்களிடம் மிகவும் நெளிந்திருக்கும், அங்கேதான் கால்சியமும் அதிகம்.

படம் எடுத்த நிலைக்கும் மேசையில் கிடக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடுகளையும் பாருங்கள். மார்பு சிடியில் பெரும்பாலும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். சிகிச்சையின்போது கை கீழே இருக்கும், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். தோள் பக்கத் தமனிகளின் போக்கே இதனால் மாறும். இதயத் துடிப்போடு ஒத்திசைக்காமல் எடுத்த படத்தில், மேலேறும் பெருந்தமனியின் சுவர் இரட்டையாகத் தெரிவதுண்டு. அதைச் சுவர்க் கிழிசல் என்று நினைத்து வழியை மூடிவிட்ட நிரல்கள் உண்டு, கிழிசலை அசைவு என்று நினைத்துத் திறந்துவிட்டால் அது இன்னும் மோசம். ஐயம் வந்தால் கதிரியக்க மருத்துவரிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

நிறமி இடது கை வழியாகச் செலுத்தப்பட்டதா என்றும் கேளுங்கள். அடர்த்தியான நிறமி இடப்பக்கப் பெருஞ்சிரையில் நின்று, சரியாக நமக்கு வேண்டிய கிளை வாய்களின் மேல் கோடுகோடாகத் தழும்புகளை விடும். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் வலது கையைக் கேட்டு வாங்குங்கள்.

3. தமனியைப் பிரித்தெடுத்தல்

3டி ஸ்லைசர், விஎம்டிகே ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். இந்த வேலைக்குப் போதும். நிறமி நிறைந்த உள்வெளி (தமனிக்குள் ரத்தம் ஓடும் இடம்) பொதுவாக 250 முதல் 450 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சிடி படத்தில் அடர்த்தியின் அளவு) வரை இருக்கும். கால்சியத்துக்கு 130 அலகு என்ற எல்லையைப் பலரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது நிறமி செலுத்தாத படத்துக்கானது. ஆஞ்சியோ படத்தில் அதையே போட்டால் ரத்தம் முழுவதும் கால்சியமாகிவிடும். இங்கே உள்வெளியின் சராசரியை முதலில் அளந்து, அதைவிடத் தெளிவாக மேலே, பெரும்பாலும் 600 அலகையொட்டி, எல்லையை வையுங்கள். கால்சியம் படத்தில் உண்மையைவிடப் பெரிதாக மலர்ந்து தெரியும் என்பதால், அதன் பக்கத்தில் உள்வெளி உண்மையைவிடக் குறுகலாக வரும். பாதுகாப்புப் பக்கத்துப் பிழைதான். ஆனாலும் திறந்திருக்கும் வழியை மூடியது போலக் காட்டும்.

இதற்கு நேரெதிரான பிழைதான் ஆளைக் கொல்லும். மென்மையான கொழுப்புப் படிவில் நிறமி ஏறாது. உள்வெளியை மட்டும் பிரித்தெடுத்தால் உங்கள் மாதிரியில் வழவழப்பான குழாய்தான் தெரியும். அந்த வழவழப்புக்குப் பின்னால் 5 மி.மீ. தடிமனில் உதிரக் காத்திருக்கும் படிவு இருக்கலாம். ஆகவே உள்வெளி, வெளிச்சுவர் என இரண்டு பரப்புகளையும் தனித்தனியே வரைந்து, இடையிலுள்ள தடிமனைக் கணக்கிடுங்கள். ஆர்ச் பகுதியில் இதைக் கையால் செய்ய நேரம் பிடிக்கும். செய்யத்தான் வேண்டும்.

மாதிரியை வழவழப்பாக்கும்போது சாதாரண லாப்லாஸ் முறை மெல்லிய குழாய்களைச் சுருக்கிவிடும். சுருங்காமல் மெருகூட்டும் டௌபின் முறை அதைவிட நல்லது. கபால அடியில் உட்கழுத்துத் தமனி எலும்போடு ஒட்டிக்கொள்ளும், அங்கே நிரலை நம்பாமல் நீங்களே வெட்டிப் பிரியுங்கள். கடைசியாக, தமனிக்குச் செங்குத்தான வெட்டுப்படங்களைப் பத்து இடங்களில் எடுத்து, மூலப் படத்தில் கையால் அளந்த விட்டத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு ஒரு வாக்ஸலை (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டம்) தாண்டினால் பிரித்தெடுப்பைத் திரும்பச் செய்யுங்கள்.

4. நடுக்கோடும் வாசல் தேர்வும்

ஒவ்வொரு இடத்திலும் உள்ளே பொருந்தும் மிகப் பெரிய கோளத்தின் மையங்களைக் கோத்தால் நடுக்கோடு, அந்தக் கோளத்தின் ஆரம்தான் அந்த இடத்தின் ஆரம். விஎம்டிகே இதை நேரடியாகத் தரும். வந்த கோட்டை அப்படியே வைத்து வளைவைக் கணக்கிட்டால் வாக்ஸல் படிக்கட்டுகள் எல்லாம் பொய்யான திருப்பங்களாகத் தெரியும். 1 மி.மீ. இடைவெளியில் மறுமாதிரி எடுத்து, முப்படி ஸ்ப்ளைன் பொருத்தி, அதன் பிறகே வளைவைக் கணக்கிடுங்கள். கதீட்டர் எவ்வளவு சுழல வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகத்து ஃப்ரெனே சட்டகத்தைப் பயன்படுத்தினால், எஸ் வடிவ வளைவின் நடுவே அது திடீரென்று 180° புரளும். ரோபோவும் கூடவே புரளும். முறுக்கமின்றி நகரும் இணைப்பெயர்ச்சிச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆர்ச்சின் வகை. வளைவின் உச்சியிலிருந்து முதல் கிளையின் வாய் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். இடது பொதுக் கழுத்துத் தமனியின் ஒரு விட்டத்துக்குள் என்றால் முதல் வகை, ஒன்றிலிருந்து இரண்டு என்றால் இரண்டாம் வகை, இரண்டுக்கு மேல் மூன்றாம் வகை. அந்தத் தமனியின் விட்டம் 7 மி.மீ. என்றால் 14 மி.மீ.க்குக் கீழே வாய் இறங்கியிருப்பது மூன்றாம் வகை. வயது ஏற ஏற ஆர்ச் நீண்டு இந்த வகைக்கு நகர்கிறது.

மூன்றாம் வகையில் நம் கருவி என்ன செய்யும்? கதீட்டர் கீழிருந்து ஏறி, வளைவைத் தாண்டி, மேலேறும் பெருந்தமனிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மறுபடி மேல்நோக்கித் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட 180°. 14.3 மி.மீ. ஆரத்தில் முழு அரைவட்டம் போட 45 மி.மீ. வளையும் நீளம் வேண்டும். நம்மிடம் 30தான் இருக்கிறது. அரைவட்டத்தின் அகலம் 28.6, கதீட்டரின் தடிமனையும் சேர்த்தால் 31.3 மி.மீ. அந்த இடத்தில் தமனியின் உள்விட்டம் 30 என்றால் சுவரைத் தொடாமல் திரும்ப வழியே இல்லை. மீதி 60° திருப்பத்தைக் கதீட்டரின் உடல் சுவரில் சாய்ந்துதான் பெறும். இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் ஆகும். தேடல் நிரலை இரவெல்லாம் ஓடவிட்டுத் தோற்பதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

பொருந்தவில்லை என்றால் வாசலை மாற்றுங்கள். மூன்றாம் வகை ஆர்ச்சிலும், இடது கழுத்துத் தமனி முதல் கிளையோடு சேர்ந்து புறப்படும் அமைப்பிலும், வலது மணிக்கட்டுத் தமனி பல நேரங்களில் நல்ல கோணம் தரும். ஆனால் அந்தத் தமனி பலரிடம் 2 முதல் 3 மி.மீ.தான். 8 பிரெஞ்சு கருவி அதில் போகாது, சிறிய கருவிக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே வரைபடத்தில் ஒரே தொடக்கப் புள்ளியை வைக்காமல், இரு தொடைகள், இரு மணிக்கட்டுகள் என எல்லா வாசல்களையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுக் கருவி நுழையும் என்ற கட்டுப்பாட்டையும் எழுதுங்கள். வாசல் சரியாக அமைந்தால் பாதி ஆபத்து அங்கேயே விலகிவிடும். பாதை நிரலில் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் தப்பான வாசலை ஈடுகட்ட முடியாது.

5. ஆபத்து வரைபடம்

சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறோம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த ஆர்ச் படிவு பக்கவாதத்தோடு தொடர்புடையது என்பது 1990களிலேயே ஆய்வுகளில் தெளிவானது. அங்கே தொடக்கூடாது என்று கடுமையான தடை போடுங்கள், வெறும் அபராத எண் போதாது. கெட்டியான கால்சியம் உதிர்வது குறைவு என்றாலும் கதீட்டரைச் சுரண்டும், திசைமாற்றும். இடைநிலை அபராதம் போடலாம். ஊதிப் பெருத்த இடங்கள், பழைய ஸ்டென்ட்டின் ஓரங்கள், கிழிசல் மடிப்புகள் எல்லாம் தடை.

பலர் மறந்துவிடுவது சின்னக் கிளைகளின் வாய்களை. இடுப்புப் பகுதியில் வயிற்றுச் சுவருக்குப் போகும் மெல்லிய கிளைகள், முதுகுத் தமனிகள், சிறுநீரகத் தமனி, ஆர்ச்சில் இடது தோள்தமனி ஆகியவற்றில் கைடுவயர் தானாக வழுக்கி நுழையும். மெல்லிய கிளையைத் துளைத்தால் உள்ளே கசியும் ரத்தம் வெளியில் தெரியாது. ஒவ்வொரு வாயையும் குறித்து, அதைக் கடக்கும்போது நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ரத்த ஓட்டத்தையும் கணக்கில் எடுங்கள். 4.5 மி.மீ. தமனியில் 2.67 மி.மீ. கதீட்டர் நின்றால் குறுக்குப் பரப்பில் 65 சதவீதம் மிஞ்சும். 3 மி.மீ. தமனியில் 21 சதவீதம்தான். விட்டத்தில் பார்த்தால் ‘இன்னும் இடமிருக்கிறதே’ என்று தோன்றும், ஓட்டமோ ஏறக்குறைய நின்றிருக்கும்.

6. பிழைகளைக் கூட்டி, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பது

பயன்படும் இடைவெளி என்பது தமனி ஆரம், கழித்தல் கதீட்டர் ஆரம், கழித்தல் மொத்தப் பிழை. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம். ஆர்ச்சில் பிரித்தெடுப்புப் பிழை 0.4, சிடி படத்தை மேசையிலுள்ள நேரடிப் படத்தோடு பொருத்தும் படப் பொருத்தப் பிழை 1.5, துடிப்பும் மூச்சும் 2, நுனி கண்காணிப்பு 1 மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 2.7 மி.மீ. உள்ளாரம் 14 மி.மீ. உள்ள இடத்தில் இது தாராளம்.

உட்கழுத்துத் தமனிக்கு வாருங்கள். ஆரம் 2.25, கதீட்டர் ஆரம் 1.33, மிச்சம் 0.92 மி.மீ. எந்த நியாயமான பிழைக் கணக்கும் இதை விழுங்கிவிடும். இதன் பொருள் தெளிவானது. இடைவெளி பிழையைவிடக் குறைந்த இடத்தில் நுனியை வளைத்து ஓட்டுவதால் பாதுகாப்பு எதுவும் கூடாது. அங்கே இழுகம்பியைத் தளர்த்திவிட்டு, முன்னே கைடுவயரும் மைக்ரோ கதீட்டரும் போக, அவற்றின் மேல் ஏற வேண்டும். திட்டத்தில் ‘இங்கே வளைப்பு நிறுத்தம்’ என்ற எல்லைக்கோட்டை வரைந்துவையுங்கள்.

7. தேடல்

மெல்லிய தமனிகளில் நடுக்கோட்டு வலையில் டைக்ஸ்ட்ரா அல்லது ஏ-ஸ்டார் எனும் குறும்பாதைத் தேடல் முறையை ஓட்டினால் போதும், அங்கே தேர்வு செய்ய இடமே இல்லை. தமனியின் விட்டம் கதீட்டரைவிட மூன்று மடங்குக்கு மேல் போகும் ஆர்ச், இதய அறைகள் போன்ற இடங்களில்தான் ஆர்ஆர்டி-ஸ்டார் போன்ற மாதிரியெடுக்கும் முறைகள் பயன்தரும். ஓஎம்பிஎல் நூலகத்தில் இவை தயாராக இருக்கின்றன. ஆனால் அப்படியே ஓட்டினால் இரண்டு தொல்லைகள் வரும்.

முதலாவது, சுற்றுப்பெட்டி முழுவதும் சீராகப் புள்ளி போட்டால் மிகப் பெரும்பாலானவை தமனிக்கு வெளியே விழும். நடுக்கோட்டின் மேல் ஒரு புள்ளியை எடுத்து, அங்குள்ள ஆரத்துக்குள் விலக்கிப் போடுங்கள். இரண்டாவது, நேர்க்கோட்டு இணைப்பு. நம் கருவி நேர்க்கோட்டில் ஒடிந்து திரும்பாது. இணைப்புகளைச் சீரான வில்களாகவே வளர்த்து, 14.3 மி.மீ.க்கும் சிறிய ஆரம் வந்தால் அப்போதே நிராகரியுங்கள். வளையத்தில் அளந்த ஆரம் அதைவிடப் பெரிதாக வந்திருந்தால், அதுவே எல்லை. ஒரு அடி 2 முதல் 5 மி.மீ., மோதல் சோதனை 0.5 மி.மீ.க்கு ஒருமுறை. சுவர் வரையுள்ள தூரத்தை முன்கூட்டியே தூர வரைபடமாக்கி வைத்தால் ஒவ்வொரு சோதனையும் ஒரு எண்ணைப் படிப்பதோடு முடியும். சிம்பிள்ஐடிகேயில் மௌரர் தூர வடிகட்டி இதைத் தரும்.

செலவுச் சார்பில் நீளம், வளைவு, நெருக்கம், ஆபத்து எல்லாவற்றையும் எடைபோட்டுக் கூட்டுவது வழக்கம். அது மட்டும் போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 600 மி.மீ. நல்ல பாதையில் 2 மி.மீ. படுமோசமான இடம் இருந்தால் கூட்டுத்தொகையில் அது கரைந்து போகும். நோயாளிக்கு அந்த 2 மி.மீ.தான் எல்லாமே. முதலில் கடுமையான தடைகள், அடுத்துப் பாதையின் மிக நெருக்கமான இடத்தை எவ்வளவு அகலமாக்கலாம் என்ற போட்டி, அதில் சமமாக வருபவற்றுக்கு இடையே மட்டும் நீளமும் வளைவும் என்ற வரிசையில் போங்கள்.

இலக்கில் நுனி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் இலக்காகக் கொடுங்கள். 120° முழுவதையும் செலவழித்து வாயை எட்டிப் பிடித்த பாதையில், உள்ளே போன பிறகு திருத்த எதுவும் மிஞ்சாது. 20 முதல் 30 டிகிரி கையிருப்பு இல்லாத விடையை ஏற்காதீர்கள்.

8. முழு உடல் சோதனை

கிடைத்த பாதையில் கதீட்டர் உண்மையில் எப்படிக் கிடக்கும்? நடுக்கோட்டில் கிடக்காது. வளைவதற்கான ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே போய்ப் படுக்கும். தள்ளும்போது ஆர்ச்சின் வெளிவளைவில் ஏறும், இழுக்கும்போது உள்வளைவுக்குத் தாவும். வெளிவளைவில்தான் மூன்று பெரிய கிளைகளின் வாய்களும் இருக்கின்றன.

உடலை 5 மி.மீ. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அளந்த வளைவு விறைப்பைக் கொடுத்து, வளைந்து முறுகும் தண்டுகளைக் கணிக்கும் காசெரா தண்டு மாதிரியிலோ சோஃபா பாவனை மென்பொருளிலோ ஓட்டுங்கள். சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, ஒவ்வொரு நிலையிலும் எங்கே தொடுகிறது, எவ்வளவு விசை என்று பதியுங்கள். தொடுதலே இல்லாத பாதை கிடைக்காது. அகன்ற, படிவில்லாத சுவரில், நீளமாகப் பரவிய மெல்லிய சாய்வு நல்லது. ஒரே புள்ளியில் ஊன்றுவது கெட்டது. இதய அப்லேஷனில் (இதயத் திசுவைக் கதீட்டரால் சுடும் சிகிச்சை) 10 முதல் 20 கிராம் வரையுள்ள தொடுவிசை வழக்கமானது. அந்த எண்ணைப் படிவேறிய தமனிச் சுவருக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

உராய்வுக் கணக்கு இன்னும் எளிது. கயிறு தூணைச் சுற்றும்போது வரும் அதே விதி: விசை, உராய்வுக் கெழுவையும் மொத்தத் திருப்பக் கோணத்தையும் பெருக்கிய அடுக்கில் பெருகும். பாதையிலுள்ள எல்லா வளைவுகளையும் கூட்டி 360° வந்தால், கெழு 0.15க்கு விசை 2.6 மடங்கு, வழுக்கும் பூச்சோடு கெழு 0.05 என்றால் 1.4 மடங்கு. நீளம் இதில் வரவே இல்லை. நெளிந்த இடுப்புத் தமனியை நீண்ட ஷீத் போட்டு நிமிர்த்தினால் மேலே ஆர்ச்சில் கட்டுப்பாடு திரும்பக் கிடைப்பதற்கு இதுவே காரணம். நிமிர்த்தும்போது தமனியும் இடம்பெயரும் என்பதால், ஷீத் ஏறிய பிறகு கீழ்ப்பகுதியின் பழைய நடுக்கோட்டை நம்ப வேண்டாம்.

நம் தடத்தில் மிக அடிக்கடி நேரும் தோல்வி இது: நுனி கழுத்துத் தமனிக்குள் நுழைந்துவிடும், மேலே தள்ளத் தள்ள, உடல் மேலேறும் பெருந்தமனிக்குள் சரிந்து வளையமாகும், பிறகு நுனியே வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். பாவனையில் இதை வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். எத்தனை மி.மீ. தள்ளியதும் சரிகிறது என்பது அடுத்த கட்டத்துக்கு வேண்டிய எண்.

பிறகு தமனி வடிவம், உராய்வு, விறைப்பு, படப் பொருத்தம் ஆகியவற்றைப் பிழை எல்லைக்குள் தற்செயலாக மாற்றி 500 முறை ஓட்டுங்கள். எத்தனை சதவீதம் தேறியது என்பதோடு, தோற்றவை எந்த இடத்தில் தோற்றன என்றும் பாருங்கள். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால், அந்த இடத்துக்கு வேறு உத்தி வேண்டும்.

9. மேசைக்குக் கொண்டுபோதல்

உயிருள்ள ஒருவரிடம் போகும் முன் சிலிகோன் தமனி மாதிரி. நோயாளியின் படத்திலிருந்து அச்சிட்டு, கிளிசரினையும் நீரையும் ஏறக்குறைய 40க்கு 60 என்ற விகிதத்தில் கலந்து, துடிப்பு பம்பு மூலம் ஓடவிடுங்கள். காய்ந்த சிலிகோன் உண்மைத் தமனியைவிட அதிகம் பிடிக்கும். உராய்வைக் குறைக்கச் சில துளி சோப்புக் கரைசல் சேர்ப்பதுண்டு.

பாதையை நிறுத்தப் புள்ளிகளாக உடையுங்கள். நேர்ப்பகுதியில் 20 மி.மீ.க்கு ஒன்று, திருப்பத்தில் 5 மி.மீ.க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தள்ளிய நீளம், வளைவுக் கோணம், சுழற்சி, எந்தப் பக்கச் சுவரில் சாய்வு எதிர்பார்க்கப்படுகிறது, சி-ஆர்ம் (நோயாளியைச் சுற்றித் திரும்பும் எக்ஸ்ரே கருவி) கோணம் ஆகியவை இருக்கட்டும். ஆர்ச்சை விரித்துப் பார்க்க இடது முன்சாய்வு 30 முதல் 45 டிகிரி பொதுவான தொடக்கம். சரியான கோணம் வளைவின் தளத்துக்குச் செங்குத்தானது, அதை உங்கள் நடுக்கோட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். தளத்தோடு இணையாகப் பார்த்தால் 90° வளைந்த நுனி நேராகத் தெரியும். அதை நம்பி இன்னும் வளைத்துவிடுவார்கள்.

நிறுத்த விதிகளை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். தொடக்கத்துக்கு இவை போதும்:

- 10 மி.மீ. தள்ளியும் நுனி 5 மி.மீ.கூட நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். காணாமல் போன 5 மி.மீ. எங்கோ வளையமாகச் சேர்ந்திருக்கிறது. தள்ளிக்கொண்டே இருந்தால் அது ஒரே துள்ளலில் நுனிக்கு வந்து சேரும்.
- நுனி திட்டக் கோட்டிலிருந்து அந்த இடத்தின் பயன்படும் இடைவெளியைவிட அதிகம் விலகினால் நிறுத்தி, இரண்டு கோணங்களில் மறுபடி படப் பொருத்தம் செய்யுங்கள்.
- சுழற்றியும் நுனி சுழலவில்லை என்றால் இன்னொரு சுற்று கொடுக்காதீர்கள். முறுக்கு சேர்ந்திருக்கிறது. முதலில் சற்றுப் பின்னிழுத்து அது அவிழ விடுங்கள்.

இவற்றில் ஏதேனும் ஒரு விதி மூன்றாவது முறையாகக் குறுக்கிட்டால் வாசலை மாற்றுவதா என்று பேச வேண்டிய நேரம். அந்த மாற்றுத் திட்டமும் முன்கூட்டியே அச்சிட்டு அறையில் இருக்கட்டும்.

10. வெளியே வருவது

உள்ளே போன பாதையைப் பின்னோக்கி ஓட்டினால் வெளியேறும் பாதை வராது. உடல் உள்வளைவுக்குத் தாவும் என்று பார்த்தோம். ஏறும்போது தொடாத படிவை இறங்கும்போது அது தேய்க்கலாம். ஆகவே பாவனையில் இழுப்பையும் தனியாக ஓட்டி, ஆபத்து வரைபடத்தோடு மறுபடி ஒப்பிடுங்கள். உள்வளைவில் தடைப் பகுதி இருந்தால், கைடுவயரை உள்ளே விட்டு அதன் மேலேயே இழுப்பது, ஷீத்தை முன்னே நகர்த்தி அதற்குள் கதீட்டரை வாங்கிக்கொள்வது என்ற இரண்டில் எது தொடுவிசையைக் குறைக்கிறது என்று எண்ணோடு முடிவெடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் வெல்லும், ஷீத் ஆர்ச் வரை எட்டுகிற நீளமாக இருந்தால்.

இழுக்கும் முன் இழுகம்பி முழுவதும் தளர்ந்திருக்க வேண்டும். குமிழ் நடுநிலையில் நிற்பதால் நுனி நிமிர்ந்துவிட்டது என்று கொள்ளாதீர்கள், மந்தப் பகுதி இங்கேயும் உண்டு. நடுநிலையைத் தாண்டி எதிர்த்திசையில் அளந்துவைத்த அந்தச் சில டிகிரி போய், நுனி நேரானதை ஃப்ளூரோஸ்கோபியில் பார்த்த பிறகே முதல் மி.மீ. இழுங்கள்.